கொலோனோஸ்கோபிக்கான காத்திருப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா?

“எனக்குப் பின்னால் பதிவு செய்தவருக்கு அடுத்த வாரமே நாள் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் அடுத்த மாதம்?” குடல் நோய்ப் பிரிவின் பதிவு மேசையில் இக்கேள்வி எழாத வாரம் இல்லை. கேட்பவர்மீது எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மாதத்தைக் கழிப்பது எளிதன்று. அந்த மாதம் நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருக்குமே நீண்டுவிடுகிறது.

விடை சொல்லும்போது இருவகைக் காத்திருப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நோயின் அவசரத்தைக் கருதி மருத்துவர்கள் வகுக்கும் வரிசை. அதில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் இருப்பது முறையே. இரண்டாவது, நோயின் அவசரத்தோடு தொடர்பே இல்லாமல், ஒருவருடைய வேலை, கூலி, மொழி, குடும்பச் சூழல் ஆகியவற்றால் நீளும் காத்திருப்பு. அதை எவரும் திட்டமிட்டு வகுப்பதில்லை. ஆயினும் மணிமங்கலம், படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து நோயாளிகளுக்கு அதுவே பெரிய தடையாக நிற்கிறது என்பது எங்கள் கருத்து. முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதைச் சற்று விரிவாகவும் இங்கே எழுதுகிறோம்.

வரிசை எப்படி அமைகிறது

கொலோனோஸ்கோபி என்பது முனையில் கேமரா பொருத்திய, வளையக்கூடிய நீண்ட குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் உட்புறமாகப் பார்க்கும் சோதனை. 1969-இல் நியூயார்க் நகரில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் இக்குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்புகளை அகற்றத் தொடங்கினர். அன்று முதல் இது நோயைக் கண்டறியும் சோதனையாக மட்டுமின்றி, நோய் வராமல் தடுக்கும் சிகிச்சையாகவும் ஆயிற்று. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளை. அவற்றுள் சில வகை, பெரும்பாலும் பத்தாண்டுகள் அளவில் மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறக்கூடும். மாறுவதற்கு முன் அகற்றிவிட்டால் அக்கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஒருவருக்குச் சோதனை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகிறது. அதன்பின் குழாயின் உள்ளும் புறமும் கையால் கழுவி, கிருமிநீக்கக் கரைசலில் உரிய நேரம் வைத்து, உலர்த்திய பிறகே அடுத்தவருக்குப் பயன்படுத்த இயலும். இந்த நேரத்தைக் குறைத்தால் ஒருவரின் கிருமி மற்றவருக்குச் சென்றுவிடும். எனவே ஒரு நாளில் செய்யக்கூடிய சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் யார் முதலில் என்ற கேள்வி வந்தே தீரும்.

இதற்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விதமான விடைதான். கனடா நாட்டின் இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2006-இல் வெளியிட்ட பரிந்துரையை எடுத்துக்கொள்வோம். உடற்பரிசோதனையிலோ ஸ்கேனிலோ புற்றுநோய்க்கான வலுவான ஐயம் இருந்தால் 2 வாரங்களுக்குள் சோதனை செய்ய வேண்டும். சிவந்த இரத்தம் வெளிப்பட்டாலோ, இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச் சோகை இருந்தாலோ, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் சோதனையில் இரத்தம் இருப்பது தெரிந்தாலோ 2 மாதங்களுக்குள். முன்பே பாலிப் அகற்றியவர்களின் தொடர் கண்காணிப்பு அதற்கும் பின். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னே சென்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

சில வாரங்கள் காத்திருந்தால் ஆபத்து இல்லையா? கலிபோர்னியாவில் 70,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. மலச் சோதனையில் இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அவர்கள். 8 முதல் 30 நாள்களுக்குள் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 30 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் காணப்பட்டது. ஒன்பது மாதங்கள் வரை தாமதித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பன்னிரண்டு மாதங்களைத் தாண்டியவர்களிடமோ அது ஆயிரத்துக்கு 76 ஆயிற்று. முற்றிய நிலையில் கண்டறியப்படும் வாய்ப்பும் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. ஆக, நாள் குறிக்கப்பட்டுச் சில வாரங்கள் காத்திருப்பவர் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு, “ஒன்பது மாதம் அவகாசம் இருக்கிறது” என்று எவரும் எண்ணிவிடலாகாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொந்தரவு ஏதும் இல்லாமல் முன்கூட்டியே சோதித்துக்கொண்டவர்கள். நம்மிடம் வருபவர்களோ பெரும்பாலும் தொந்தரவு தோன்றிய பின்னரே வருகிறார்கள்.

பதிவேட்டில் ஏறாத மாதங்கள்

கொலோனோஸ்கோபி எழுதிக்கொடுத்த நாளிலிருந்துதான் மருத்துவமனை நாள்களை எண்ணுகிறது. நோய் அப்படி எண்ணுவதில்லை. முதன்முதலில் மலத்தோடு இரத்தம் வந்த நாளுக்கும் பரிந்துரைச் சீட்டு எழுதப்பட்ட நாளுக்கும் இடையில் கழியும் காலம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அக்காலம் பல வேளைகளில் எங்கள் பட்டியலில் காத்திருக்கும் காலத்தைவிட நீண்டது.

அதற்கு முதற்காரணம் ‘மூலம்’ என்னும் ஒரு சொல். தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலையோரச் சுவர்களைப் பாருங்கள். மூலம், பௌத்திரம் ஆகியவற்றை அறுவையின்றிக் குணப்படுத்துவதாகக் கூறும் சுவரொட்டிகளுக்குக் குறைவிருக்காது. மலத்தில் இரத்தம் வந்தவர் முதலில் செல்வது அங்கேதான், அல்லது மருந்துக்கடைக்கு. மூலம் மிகப் பரவலான நோய் என்பதும், இரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே காரணம் என்பதும் உண்மை. பொறி இருப்பதும் அங்கேதான். மூலம் இருப்பதால் புற்றுநோய் இராது என்று பொருளாகாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாக விழும் சிவந்த இரத்தம் மூலத்துக்கு இயல்பு. மலத்தோடு கலந்து சளியுடன் வரும் இரத்தம், மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மாறிப்போன மலப்பழக்கம், முழுமையாகக் கழியாதது போன்ற உணர்வு, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை மூலத்தின் அடையாளங்கள் அல்ல.

“இந்த வயதிலா புற்றுநோய்?” என்ற எண்ணம் இரண்டாவது காரணம். மேலைநாடுகளை நோக்க நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் குறைவுதான். ஆனால் இங்கே இந்நோய் வருவோரில் இளவயதினர் பங்கு கூடுதல். மலக்குடலில், அதாவது குடலின் கடைசிப் பகுதியில், தோன்றுவதும் இங்கே மிகுதி. முற்றிய பிறகு வருவோரும் பலர். தேசிய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுதான் இடம்பெற்றுள்ளன, பெருங்குடல் இல்லை. எனவே உங்களைத் தேடி எவரும் வரப்போவதில்லை. இரத்தம் கண்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலக்குடலில் தோன்றும் கட்டிகளில் கணிசமானவை மருத்துவரின் விரலுக்கே எட்டக்கூடியவை. கையுறை அணிந்து ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதற்குப் பட்டியல் இல்லை, பேதி மருந்து இல்லை, தனிச் செலவும் இல்லை. வெட்கத்தால் நோயாளி மறுக்கிறார். நோயாளியின் வெட்கத்தைக் கண்டு மருத்துவரும் விட்டுவிடுகிறார். மலத்தில் இரத்தம் என்று சொல்லி மருந்துச் சீட்டு மட்டும் பெற்றுத் திரும்புகிறீர்கள் என்றால், “விரலால் சோதித்துப் பார்க்க வேண்டாமா, டாக்டர்?” என்று கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் எனிமா மட்டும் கொடுத்து, மயக்கமின்றிச் சில நிமிடங்களில் குடலின் கடைசிப் பகுதியைப் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி என்னும் சிறு சோதனையும் உண்டு. முழுச் சோதனைக்கு நாள் கிடைக்கும்வரை அது பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

யாருக்கு நீள்கிறது

கட்டணத்தை நீக்கிவிட்டால் ஏழை-பணக்காரர் வேறுபாடு மறைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். இங்கிலாந்து அப்படித்தான் செய்தது. 2006 முதல் 60 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே மலச் சோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்பியது. கட்டணம் ஏதும் இல்லை. முதல் இரண்டரை ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, மிக வசதியான பகுதிகளில் 61 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்தியிருந்தனர். மிக வறிய பகுதிகளில் 35 விழுக்காட்டினர்தான். விலை ஒரு தடை. அதற்கு அப்பாலும் தடைகள் உள்ளன. நம் வட்டாரத்தில் அவை எங்கே இருக்கின்றன?

தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவரின் கணக்கை எண்ணிப் பாருங்கள். புறநோயாளர் பிரிவுக்கு ஒரு நாள், இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், பேதி மருந்து குடிக்க ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள், திசு முடிவைப் பெற ஒரு நாள். மாதச் சம்பளக்காரருக்கு இவை ஐந்து விடுப்புகள். இவருக்கு ஐந்து நாள் கூலியும், அதனோடு வருகைக்கான ஊக்கத்தொகையும் போய்விடும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கிறது. ஆனால் விதிப்படி ஒரு நோய்க்காலத்தின் முதல் இரண்டு நாள்களுக்கு அத்தொகை கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் விடுப்பு எடுத்தால் மட்டுமே விலக்கு. கொலோனோஸ்கோபிக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்த இரண்டு நாள்கள்தான். எனவே அவர் பொங்கல் விடுமுறைக்கோ ஆயுத பூசைக்கோ தள்ளிவைக்கிறார். அந்நாள்களை நாடுவோர் பலர் என்பதால் அவை முதலில் நிரம்பிவிடுகின்றன. அவசரம் குறையவில்லை; காத்திருப்பு மட்டும் கூடுகிறது.

இதற்கு ஓரளவு தீர்வு உண்டு. உங்கள் வார விடுமுறை எந்த நாள் என்பதைப் பதிவின்போதே சொல்லுங்கள். ஞாயிறு விடுமுறை என்றால் அன்று பேதி மருந்தைத் தொடங்கித் திங்கள் காலை முதல் ஆளாகச் சோதனை செய்துகொள்ளலாம். ஒரு நாள் கூலிதான் இழப்பு. இரத்தப் பரிசோதனையை மருத்துவரைப் பார்க்கும் அன்றே முடித்துவிடக் கேளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே சோதனைக்கு வர எண்ண வேண்டாம். மருந்து முறையாக வேலை செய்யாது, உடலும் தாங்காது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இ.எஸ்.ஐ. உரிமை உண்டு, ஒப்பந்தக்காரர் செலுத்தத் தவறினால் பொறுப்பு முதன்மை நிறுவனத்தைச் சேரும். ஒப்பந்தக்காரர் மாறும்போது புதிய எண் வாங்காமல் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். எண் மாறினால் பழைய சந்தாக் கணக்கு பிரிந்துபோய், சிறப்புச் சிகிச்சைக்குத் தகுதி இல்லை என்ற பதில் வரக்கூடும்.

பெண்களின் காத்திருப்பு வேறுவகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே எவரும் காரணம் தேடுவதில்லை. மாதவிலக்கு, உணவுக்குறை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதப்படுகிறது, மாதங்கள் செல்கின்றன. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் குடலைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கும் அப்படியே. மாத்திரை உண்டும் இரத்த அளவு ஏறாத எந்தப் பெண்ணும், வயது எதுவானாலும், காரணம் கேட்க வேண்டும். நோய் தெரிந்த பிறகும், பிள்ளையின் பிளஸ் டூ தேர்வு முடியட்டும், மாமியாரின் கண் அறுவை முடியட்டும் என்று தம் முறையைத் தாமே தள்ளிவைப்பவர்கள் பெண்களே மிகுதி. கணவரும் பிள்ளைகளும் இதைப் படித்தால் நாள்காட்டியைக் கையில் எடுக்க வேண்டுகிறோம். கூச்சத்தைப் பற்றி ஒரு சொல்: பின்புறம் மட்டும் சிறு திறப்புள்ள கால்சட்டை தரப்படும். பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்கலாம். மாதவிலக்கு நாளாக இருப்பதும் சோதனைக்குத் தடையன்று.

ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்வோரின் தடைகள் மிகச் சாதாரணமானவை. அதனாலேயே கண்ணில் படுவதில்லை. மயக்க மருந்து கொடுத்தால் உடன் ஒருவர் வர வேண்டும் என்கிறோம். அறைத் தோழர்கள் அனைவரும் ஷிப்டில் இருப்பார்கள். இரண்டு லிட்டருக்கு மேல் மருந்து குடித்துப் பத்துப் பதினைந்து முறை கழிப்பறை செல்ல வேண்டும் என்கிறோம். பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை உள்ள அறையில் அது எப்படி முடியும்? நாளை நினைவூட்ட அழைத்தால் தொலைபேசி எண் மாறியிருக்கும். இவை யாவற்றுக்கும் வழி இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னால். மயக்கமின்றியும் இச்சோதனையைச் செய்ய இயலும்; சற்று வயிற்று உப்புசமும் இழுப்பும் இருக்கும், ஆனால் பலர் தாங்கிக்கொள்கின்றனர். கழிப்பறை வசதி இல்லாதவர்களை முதல் நாளே வார்டில் சேர்த்து மருந்து கொடுக்கலாம். தனியே வாழும் முதியவர்களுக்கும் இதுவே ஏற்றது. அறை கொடுத்திருக்கும் வீட்டு உரிமையாளரோ மேற்பார்வையாளரோ இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் தொலைபேசி எண்ணை இரண்டாவது எண்ணாகக் கொடுத்து உதவுங்கள்.

வந்தும் திரும்பிப் போகும் முறை

நாள் வந்து, கூலியை விட்டு, பேருந்து பிடித்து வந்த பிறகும் சிலருக்குச் சோதனை பாதியில் நின்றுவிடுகிறது. குடலில் மலம் தங்கியிருந்தால் சிறு பாலிப்புகள் கண்ணுக்குத் தெரியா. மறுநாள் ஒன்று கேட்டு வாங்க வேண்டியதுதான். மலச்சிக்கல் உள்ளவர்கள், நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள், அசையாமல் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக நேர்கிறது. இவர்களுக்கு வழக்கமான அளவு மருந்து போதாமல் போகலாம் என்பதால் முன்பே சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, திராட்சை, தக்காளி விதை, கேழ்வரகு, முழுப்பயறு வேண்டாம். முதல் நாள் காலை வெறும் இட்லி போதும். பிறகு தெளிந்த ரசம், இளநீர், பால் சேர்க்காத தேநீர். சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது. அது உள்ளே இரத்தம் போலத் தோன்றும். மருந்தில் பாதியை முதல் நாள் மாலையும் மறுபாதியைச் சோதனை நாள் விடியலிலும் குடிப்பதே குடலை நன்கு சுத்தமாக்கும். முழுவதையும் இரவே குடித்துவிட்டு உறங்குவது எளிதுதான். ஆனால் காலைக்குள் குடல் மறுபடி கலங்கிவிடும். கடைசி மடக்கு, சோதனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் நீங்கள் தயார்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்ட வைக்கும். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சில வகையை மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டி வரும். இன்சுலின் அளவும் மாறும். ஆகையால் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அட்டையோடு பையில் போட்டுப் பதிவின்போதே கொண்டுவாருங்கள். மயக்க மருந்து பெற்றவர் மறுநாள் வரை இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது.

சோதனை முடிந்தபின் இன்னொரு காத்திருப்பு தொடங்காமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால், முடிவு வரும்வரை நிற்காமல் இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகுங்கள். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு எழுத்தும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஓர் எழுத்துக்காக அலைவதைவிட அது மேல்.

காத்திருக்கும் நாள்களில் உடல்நிலை மாறினால் குறித்த நாளை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். இரத்தப்போக்கு கூடினால், எடை குறையத் தொடங்கினால், புதிதாக வலி வந்தால் பதிவு மேசைக்குத் தெரிவியுங்கள். மருத்துவர் உங்கள் இடத்தை மறுபடி பார்ப்பார். மிகுதியாக இரத்தம் போய்த் தலைசுற்றல் வந்தாலோ, வயிறு ஊதி மலமும் காற்றும் பிரியாமல் போனாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள், எந்த நேரமானாலும்.

வர இயலாது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். மருந்து குடிக்க ஒரு முழு நாள் வேண்டுமாதலால், அன்று காலையில் காலியாகும் இடம் எவருக்கும் பயன்படாது. இரண்டு நாள் அவகாசம் இருந்தால் அவசரப் பட்டியலில் இருப்பவரை அழைக்கலாம். இப்படித் திடீரென்று அழைத்தால் வரக்கூடியவர்கள் பெரும்பாலும் அருகில் வசிப்போரும் விடுப்புக் கிடைப்போருமாகவே இருப்பார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே ஷிப்டில் இருப்பவர்களும், “எந்த வாரம் எனக்கு எந்த ஷிப்ட்” என்பதை எழுதி எங்களிடம் கொடுத்து வையுங்கள்; அழைக்கும்போது அந்தத் தாளைப் பார்த்து அழைக்க முடியும்.